மாடிக்காரிக்கு யார் ஜோடி?

எடிட்டிங் அறையைப் படப்பிடிப்பு நடக்கும் வீட்டுக்கே மாற்றிவிட்டார்கள் என்று கேட்டபோது தொடரின் எடிட்டரான கத்திரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாதி நாள் சாலையிலேயே கழிந்துகொண்டிருந்த பிழைப்பு அது. இனி கீழே பிடித்த படம் சூட்டோடு மாடிக்கு வந்துவிடும். அவள் வெட்டி ஒட்டி அனுப்பிவிடலாம். அதோடு தம்பியும் கீழேயே நடித்துக்கொண்டிருப்பான். சாப்பிட்டாயா என்று ஃபோனில் கேட்டு அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

காலை வெயிலில் அந்தப் பழைய வீடு சாதுவாகத்தான் தெரிந்தது. வாசலில் ஜெனரேட்டர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. தச்சர் ஒரு பலகையைக் கைக்கோடாலியால் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் கதவைத் தாண்டியதும் பகல் அப்படியே அறுந்துபோனது. படப்பிடிப்புக்காக எல்லா ஜன்னல்களையும் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பழைய மரத்தின் வாசனை, சூடேறிய விளக்குகளின் வாசனை, இரண்டுக்கும் அடியில் ஈர இரும்பு போல இன்னொன்று. கூடத்தின் நடுவில் அகலமான மரப்படிக்கட்டு ஒன்று மேலே ஏறி, பாதியில் திரும்பி, இருட்டுக்குள் போனது.

படியின் கீழே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு தம்பி நின்றிருந்தான்.

“வாக்கா. உனக்கு மேல ரூம். உன் பக்கத்து வீட்டுக்காரி யாருன்னு தெரியும்ல?” என்று கண்ணடித்தான்.

தெரியாமல் என்ன? அவளை வைத்துத்தானே எல்லோருடைய அடுப்பும் எரிந்தது.

அது ஒரு பேய்த்தொடர். செத்துப்போன ஒரு பெண் தன் பழைய வீட்டின் மாடியில் இருக்கிறாள், வீட்டுக்கு வருகிறவர்களைப் படியில் நின்று பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. கதாசிரியர் அவளுக்கு ஏதோ அழகான பெயர் வைத்திருந்தார். ரசிகர்கள் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அவள் மாடிக்காரி. அவளுக்கு நடிகை கிடையாது. இயக்குநர் படு சிக்கனக்காரர். “பேய் கண்ணுக்குத் தெரியவா போகுது?” என்று ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிட்டார். அவள் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். எதிரில் இருப்பவர் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கெஞ்சுவார், திட்டுவார், அழுவார். கத்திரி அதை வெட்டி, ஒரு பெருமூச்சுச் சத்தத்தைச் சேர்த்தால் ஊரே போர்வைக்குள் புகுந்துகொள்ளும். தினம் தினம் காலி இடத்தை ஆசையாய்க் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று வரத்தானே செய்யும்? அந்த யோசனை மட்டும் அங்கே ஒருவருக்கும் வரவில்லை.

கத்திரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது வெளியே தெரியாது. ரசிகர்கள் இணையத்தில் ‘மாடிப்படி’ என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் பேசுவதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: மாடிக்காரி கடைசியில் யாரோடு சேருவாள்? இன்ஸ்பெக்டரா, டாக்டரா, எதிர்வீட்டு ஓவியனா? மாமியார் சண்டை தோற்றுப்போகும், அப்படி அடித்துக்கொள்வார்கள். அந்தக் குழுவில் கத்திரிக்கு ஐந்தாறு பொய்ப்பெயர்கள் இருந்தன. “எனக்கென்னவோ அடுத்த வாரம் இப்படி நடக்கும்னு தோணுது” என்று ஒரு ஊகத்தை வீசுவாள். தீப்பிடித்தால் இயக்குநர் அதையே கதையாக்குவார். நமுத்துப்போனால் விட்டுவிடுவார். ரசிகர்கள் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துப் பூரித்துப்போவார்கள். குழுவுக்குத் தலைவி மாதிரி ‘பால்கனி அத்தை’ என்று ஒருத்தி. அவள் சரி என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

புது அறைக்கு வந்த வாரம் கத்திரி வீசிய ஊகம் இன்ஸ்பெக்டரைப் பற்றியது. மாடிக்காரி இன்ஸ்பெக்டரின் கையைப் பிடிப்பாள் என்று எழுதினாள். பால்கனி அத்தை அதற்கு, “இன்ஸ்பெக்டர்தான். வேற எவனும் அவளுக்குப் பொருத்தமில்ல” என்று தீர்ப்பெழுதினாள். குழு கொண்டாடித் தீர்த்தது.

இன்ஸ்பெக்டராக நடித்தவர் நல்ல மனிதர். வசனம் மறந்துபோனால் எதிராளியின் வசனத்தையும் சேர்த்துச் சொல்லி ஒப்பேற்றிவிடுவார். அன்று முற்பகல் அவர் படியின் கீழே நின்று, காலியாக இருந்த மேல்படியைப் பார்த்துக் கையை நீட்டினார். கத்திரியின் அறைக்குக் கீழிருந்து ஒரு கேபிள் போட்டிருந்தார்கள். கேமரா பார்ப்பதெல்லாம் அவள் திரையிலும் தெரியும்.

“வா. என்கூட வந்துடு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் விரல்கள் வெளுத்தன.

முதலில் நடிப்பென்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாரோ “பிரமாதம்” என்று முணுமுணுத்தார்கள். அப்புறம் விரல் எலும்புகள் சுள்ளி ஒடிவது போல ஒவ்வொன்றாக ஒடிந்தன. அந்தச் சத்தம் மைக்கில் துல்லியமாக விழுந்தது. அவர் அலறுவதற்குள் உடம்பு முன்னால் பாய்ந்தது. தடுக்கி விழுகிறவன் கீழேதான் விழுவான். அவர் மேலே விழுந்தார். படிப்படியாக, முகம் ஒவ்வொரு படியிலும் மோத, பற்கள் தெறிக்க, மேலே போனார். திருப்பத்தில் கைப்பிடிக் கட்டைகளின் இடைவெளிக்குள் அவர் கை போனது. தோள் போனது. தலை போகும் அளவுக்கு அங்கே இடமில்லை.

தலையும் போனது.

வந்து பார்த்த போலீஸ்காரர்கள் வலிப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். இயக்குநரும் தலையாட்டினார். கத்திரி மட்டும் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வலிப்பு வந்தவன் மாடி ஏறுவானா? வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் தம்பி கீழே இருந்தானே! அவனைப் பள்ளிக்கூடப் பருவத்திலிருந்து வளர்த்தவள் அவள்தான். அப்பா அம்மா இருவரும் போனபிறகு அவனுக்கு இவள், இவளுக்கு அவன். பல வருடம் வாய்ப்புக்காக அலைந்து இந்த டாக்டர் வேஷம் இப்போதுதான் கிடைத்திருந்தது.

தொடரை நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் கதையிலும் இறந்துவிட்டதாக ஓர் அஞ்சலி அத்தியாயம் எடுத்தார்கள். டாக்டர் படியின் கீழே வந்து, காலி மேல்படியை நிமிர்ந்து பார்க்க வேண்டும். தம்பி பார்த்தான். இயக்குநர் “கட்” சொல்லத் தாமதமாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் தம்பி லேசாகச் சிரித்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அக்காவிடம் மாட்டிக்கொண்டால் சிரிப்பானே, அதே சிரிப்பு. அதை வெட்டி எறிந்திருக்க வேண்டும். கத்திரியின் கை வரவில்லை. தம்பி முகம் திரையில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

ஒரு பாசம்தான். வேறொன்றும் இல்லை.

அது ஒளிபரப்பான மறுநாள் காலையில் குழுவைத் திறந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

“டாக்டர் அவளைப் பாத்த பார்வையைக் கவனிச்சீங்களா?”

“அது சும்மா பார்வையா? அந்தச் சிரிப்பு!”

“வேணும்னே அவ்வளவு நேரம் காட்டியிருக்காங்க. இதுல ஏதோ இருக்கு.”

யாரோ அந்தச் சிரிப்பை மட்டும் தனியாக வெட்டி, பின்னணி இசை சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே பால்கனி அத்தை எழுதியிருந்தாள்: “இன்ஸ்பெக்டர் போனது நல்லதுக்குத்தான். டாக்டர்தான் அவளுக்கு.”

கத்திரி ஐந்தாறு பொய்ப்பெயர்களிலும் மாறி மாறி எதிர்த்து எழுதினாள். டாக்டர் கோழை, டாக்டர் பொய்யன், டாக்டர் அவளுக்கு வேண்டாம். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த தீ இன்னும் உயரமாக எரிந்தது. எதிர்ப்பு இருந்தால்தானே காதல் ருசிக்கும் என்று ஒருத்தி எழுதினாள்.

கீழே இயக்குநரிடம் ஓடினாள். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “கத்திரி, நீ தங்கம்! ஒரு சிரிப்ப வச்சு ஊரையே கிறுக்காக்கிட்ட. அடுத்த வாரம் டாக்டர் கையப் பிடிக்கிறா.”

“வேண்டாம் சார். போன தடவை நடந்தத நான் பாத்தேன்.”

“பாத்தா? ஒரு மனுஷனுக்கு வலிப்பு வந்துச்சு. அதுக்காக இத்தன பேர் வீட்டுக்குப் போகணுமா?”

கேமராக்காரர் மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டார். வாயாடி மனிதர். அன்று குரலே எழும்பவில்லை. கேமராவை ஆளில்லாத படிக்கட்டுப் பக்கம் திருப்பினார். மனித முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம் போடும் கேமரா அது.

திருப்பத்துக்கு மேல்படியில், வெறும் இருட்டின் நடுவில், ஒரு சதுரம் விழுந்தது.

“கழட்டி மாட்டிப் பாத்துட்டேன்,” என்றார் அவர் மெதுவாக. “உங்க தம்பி கூடத்துக்குள்ள வந்தா அது இறங்கி வருது.”

தம்பி அப்போது கூடத்தின் மறுகோடியில் நாற்காலியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். சதுரம் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி இறங்கியது. அதன் அளவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தம்பியின் சட்டைக் கையை மடித்துப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி நீலமாகக் கன்றிப்போயிருந்தது. மெல்லிய, நீளமான விரல்களின் தடம்.

“எங்கயோ இடிச்சிருப்பேன், விடுக்கா.”

“இது இடிச்ச மாதிரியாடா இருக்கு? நீ வேலைய விட்டுடு. நாம வேற எங்கயாவது போயிடலாம்.”

அவன் சிரிக்கவில்லை. “அக்கா, இப்பதான் தெருவுல ரெண்டு பேர் நின்னு என்னைப் பாக்கறாங்க. இத்தன வருஷம் உன் சோத்த தின்னுட்டுக் கிடந்தேன். இப்ப போய் விடச் சொல்றியே?”

அதற்குமேல் என்ன சொல்வது? அவனைக் கட்டியா இழுத்துப்போக முடியும்? கத்திரி தனக்குத் தெரிந்த வழியில் காப்பாற்ற முடிவு செய்தாள். ஊகத்தால் வந்ததை ஊகத்தாலேயே திருப்பிவிடுவது.

மறுநாள் அத்தியாயத்தில் டாக்டரும் நர்ஸும் பேசும் காட்சி ஒன்று இருந்தது. சாதாரண மருந்துப் பேச்சு. கத்திரி நர்ஸின் இமைத்தலையும் தம்பியின் திரும்புதலையும் பக்கம் பக்கமாக வைத்து ஒட்டி, அதைக் காதல்போல ஆக்கிவிட்டாள். அவள் கைத்திறமை அப்படி. குழுவில், “டாக்டருக்கு நர்ஸ்தான், மாடிக்காரி பாவம் ஏமாந்துபோவா” என்று எழுதினாள்.

குழு கொதித்தெழுந்தது. “இவ யாரு நடுவுல?” “இந்த நர்ஸ் முடிய பிடிச்சு இழுத்து வெளிய தள்ளணும்.” தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து எல்லோரும் சொல்வதுதான். நாம் யாரைச் சொல்லவில்லை?

மறுநாள் ஒப்பனை அறையிலிருந்து அலறல் கேட்டது. கத்திரி போய்ச் சேரும்போது கதவை உள்ளேயிருந்து எதுவோ அழுத்திக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை, ஆனாலும் மூன்று ஆண்கள் தள்ளியும் அசையவில்லை. உள்ளே ஏதோ கனமானது சுவரில் மோதியது. மறுபடியும் மோதியது. துணி கிழிவது போல நீளமாக ஒரு சத்தம் வந்தது.

கதவு தானாகத் திறந்தது.

நர்ஸாக நடித்த பெண் கண்ணாடியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. நெற்றியிலிருந்து பிடரிவரை தலையில் தோல் இல்லை. முகமெல்லாம் இரத்தம் வழிய, இரண்டு கையாலும் தலையைத் தடவித் தடவி எதையோ தேடினாள். அவள் கூந்தல் விட்டத்தில், எந்தக் கையும் எட்டாத உயரத்தில், ஒழுங்காகப் பின்னித் தொங்கியது.

கத்திரி வாசலிலேயே வாந்தி எடுத்தாள். தன் ஊகத்துக்கு இன்னொருத்தி தலையைக் கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த நினைப்போடு வாழ வேண்டியதுதான் என்றும் தெரியும். ஆனாலும் உள்ளுக்குள்ளே ஒரு குரல், தம்பி இல்லையே, தம்பி இல்லையே என்று நிம்மதிப்பட்டுக்கொண்டது. அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

போலீஸ் இதையும் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது; இயக்குநர் படப்பிடிப்பை நிறுத்தவில்லை. உயிருள்ள யாரை ஜோடியாக்கினாலும் ஒரு உயிர் போகும். அப்படியென்றால் உயிரில்லாதவனையே ஜோடியாக்கிவிட்டால்?

யோசனை வந்ததும் அவள் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய அத்தியாயங்களிலிருந்து இன்ஸ்பெக்டரின் துண்டுகளைப் பொறுக்கினாள். அவர் திரும்பிப் பார்ப்பது, புருவம் தூக்குவது, கதவருகே நிற்பது. மாடிக்காரியின் பார்வையாகக் கேமரா படியிலிருந்து கூடத்தைப் பார்க்கும் ஒரு துண்டு இருந்தது. அதில் டாக்டர் நின்ற இடத்தில் வெட்டி, இன்ஸ்பெக்டரை வைத்தாள். மங்கலாக்கினாள். மாடிக்காரி பார்க்கிறாள், செத்துப்போன இன்ஸ்பெக்டர் கீழே வந்து நிற்கிறார், அவளைப் பார்க்கிறார். ஒரு பெருமூச்சு. வேலை செய்யும்போது அவள் கழுத்துக்குப் பின்னால் ஏதோ குளிர்ந்தது. ஈர இரும்பு வாசனை நெருங்கி வந்தது. பக்கத்து நாற்காலி கிரீச்சென்று ஒரு தடவை முனகி, யாரோ உட்கார்ந்தது போல அடங்கியது.

அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கிசுகிசுத்தாள்.

“பாரு. இவர்தான் உனக்கு. நல்லவரு. உனக்காகத் திரும்பி வந்திருக்காரு.”

நாற்காலி வெகுநேரம் அசையவில்லை.

அந்த அத்தியாயம் இயக்குநருக்குக் காட்டாமலேயே ஒளிபரப்புக்குப் போனது. குழுவில் அணை உடைந்தது. “இன்ஸ்பெக்டர் வந்துட்டார்!” “செத்தும் அவளுக்காக வந்திருக்கான், இதுக்கு மேல என்ன வேணும்?” “டாக்டர் போகட்டும் விடுங்க, பாவம் சின்னப் பையன்.” பால்கனி அத்தை கடைசியாக வந்தாள். “நான் முதல்லயே சொன்னேன், இன்ஸ்பெக்டர்தான்னு,” என்று கூசாமல் எழுதினாள்.

கத்திரி ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் தூங்கினாள்.

காலையில் இயக்குநர் கத்துவார் என்று எதிர்பார்த்து வந்தாள். அவர் முகமெல்லாம் பல். “என்னைக் கேக்காம செஞ்சது தப்புதான். ஆனா வாயடைச்சுப் போச்சு எனக்கு. இன்னிக்கே அதுக்கு மேல ஒரு காட்சி எடுத்துடறேன். நீ மேல போய் மத்த வேலையப் பாரு.”

தம்பி எங்கே என்று கேட்டாள். டாக்டருக்கு இன்று காட்சியே இல்லை என்றார்கள். கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பான், தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினாள். மனம் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது.

முற்பகலில் கேபிள் வழியே திரை உயிர்பெற்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

காக்கிச் சட்டை போட்ட முதுகு ஒன்று படியின் கீழே நின்றது.

யாரோ துணை நடிகர் என்று நினைத்தாள். இறந்துபோன நடிகரின் காட்சி வேண்டுமென்றால் அதே உயரத்தில் ஓர் ஆளைப் பிடித்து, அதே உடுப்பை மாட்டி, முதுகை மட்டும் காட்டுவார்கள். தொழிலில் இது சகஜம். அவளே அப்படி எத்தனையோ முதுகுகளை ஒட்டியிருக்கிறாள்.

அந்த முதுகு எடையை ஒற்றைக் காலுக்கு மாற்றியது. மற்ற வெறுங்காலின் பெருவிரலால், வீட்டில் தம்பி செய்வது போலவே, கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டது.

கூடத்தில் அந்த உயரத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மேல்படியில் சதுரம் விழுந்தது. இறங்கத் தொடங்கியது.

அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் அறை பின்மாடியில் இருந்தது. பின்படி வழியாக இறங்கி, வாசலைச் சுற்றி ஓடிவந்து கூடத்துக் கதவைத் தள்ளினாள். “கைய நீட்டாத! நீட்டாதடா!”

அவன் நீட்டிவிட்டிருந்தான்.

“அக்கா?” என்று குழப்பத்தோடு திரும்பினான். அதற்குள் அவன் விரல்கள் வெளுத்தன. முதல் எலும்பு ஒடிந்தது.

அவன் போட்ட கூச்சலில் கூடத்து இருட்டே அதிர்ந்தது. கேமராக்காரர் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். இயக்குநர் காலைப் பிடித்தார். குறை சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் சிக்கனக்காரர் தன் உயிரைப் பொருட்படுத்தவில்லை. பெரிய விளக்கு ஒன்று தானாகச் சாய்ந்தது. சூடேறிய கண்ணாடி அவர் முகத்திலேயே உடைந்தது. சதை கருகும் நாற்றம் எழுந்தது. அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு சுருண்டார். கேமராக்காரர் சுவரில் போய் மோதி விழுந்தார். தம்பி மேலே போகத் தொடங்கினான். தாடை ஒரு படியில் மோதியது. அடுத்த படியில் மோதியது.

கத்திரி அவன் இடது கையைப் பிடித்துத் தொங்கினாள். பயனில்லை. அவளும் சேர்ந்து படியேறினாள். அவன் வலது தோள் மூட்டு பொளுக்கென்று கழன்றது அவளுக்குக் கேட்டது. திருப்பம் நெருங்கியது. கைப்பிடிக் கட்டைகளின் இடைவெளி தெரிந்தது. அதில் புதிதாகச் செதுக்கிப் பொருத்திய கட்டை ஒன்று வெள்ளையாக இருந்தது. அதன் அடியில் தச்சர் தன் கைக்கோடாலியை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

காலியான காற்றைக் கோடாலியால் வெட்டினாள். காற்றில் ஒன்றுமில்லை. கோடாலி படியில்தான் கொத்தியது. அவன் விரல்கள் கட்டைகளுக்குள் போய்விட்டன. மணிக்கட்டு போய்க்கொண்டிருந்தது.

“அக்கா... விட்றாதக்கா...”

“கண்ண மூடிக்கடா,” என்றாள்.

அவன் மூடிக்கொண்டான். சின்ன வயதில் ஊசி போடும்போது சொன்னால் மூடிக்கொள்வான், அப்படி.

முதல் வெட்டில் எலும்பு முழுதாக விடவில்லை. இரண்டாவதிலும் விடவில்லை. அவள் அழுதுகொண்டே, கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே, மறுபடி ஓங்கினாள். இரத்தம் அவள் வாய்க்குள் தெறித்தது. சட்டென்று இழுவை நின்றது. இருவரும் உருண்டு கூடத்தில் வந்து விழுந்தார்கள்.

அவள் தன் மேல்சட்டையைக் கழற்றி அவன் கையில் இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

வெட்டுப்பட்ட கை அந்தரத்தில் நின்றது. ஒரு பெண் தன் இடுப்பளவில் பிடித்திருக்கும் உயரம்.

ஒடிந்த விரல்களுக்கு நடுவே ஏதோ இதமாக நுழைந்தது போல, அவை ஒவ்வொன்றாக அகன்று, பிறகு மூடின. கை மெல்லத் திரும்பி மாடியேறியது. அவசரமே இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு சொட்டு விழுந்தது. திருப்பத்தில் இருட்டுக்குள் போனது.

அந்த வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்கள். கை கிடைக்கவேயில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். தொடரை மூடிவிட்டார்கள். இயக்குநருக்கு ஒரு கண் போயிற்று. கத்திரிமேல் வழக்குப் போடலாமா என்று யோசித்தவர்கள், கேமராவில் பதிந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தப் பதிவு எப்படியோ வெளியே கசிந்தது. யாரும் அதை நிஜமென்று நம்பவில்லை. தொடரின் கடைசிக் காட்சி, அருமையான தந்திரம் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனை வார்டில் மத்தியான வெளிச்சம் கட்டில்வரை விழுந்திருந்தது. தம்பி கண்ணை மூடியிருந்தான். கத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, தன் பொய்ப்பெயர்களை ஒவ்வொன்றாக அழித்துவிடலாம் என்று கடைசியாக ஒருமுறை குழுவைத் திறந்தாள்.

“நல்லா பாருங்க. காக்கி போட்டிருக்கறது இன்ஸ்பெக்டர் இல்ல. காதைப் பாருங்க, டாக்டர்.”

“அப்ப டாக்டரோட கையத்தான் பிடிச்சிருக்காளா!”

பால்கனி அத்தை எழுதியிருந்தாள்: “கை பிடிச்சாச்சு. இனிமே அவனைக் கூட்டிட்டுப் போறதுதான் பாக்கி. பாருங்க, அவ வராம இருக்கமாட்டா.”

கத்திரி எழுதத் தொடங்கினாள். தொடர் முடிந்துபோச்சு, எல்லோரும் விட்டுடுங்க என்று.

“அக்கா,” என்றான் தம்பி.

“சொல்லுடா. வலிக்குதா?”

“வலி இல்ல. கை இருக்கிற மாதிரியே இருக்கு.”

அறுவைசெய்த மருத்துவர் இதை முன்பே சொல்லியிருந்தார். போன கை இருப்பதுபோலத் தோன்றும், நரம்புக்குப் பழக்கம் விடாது, பயப்பட வேண்டாம் என்று. கத்திரி அதையே அவனுக்குச் சொன்னாள். தலையைத் தடவிக்கொடுத்தாள். அவன் கேட்டுக்கொண்டான். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

“அது தெரியும்க்கா. ஆனா விரல் கோத்திருக்கு.”

அவள் கை அவன் தலையில் அப்படியே நின்றது.

“சில்லுனு இருக்கு. ஒவ்வொரு விரலா தடவுது.” அவன் குரல் குழந்தையின் குரலாகிவிட்டது. “இவ்வளவு நாளும் சும்மா நின்னுச்சுக்கா. இப்ப நடக்க ஆரம்பிச்சிருக்கு.”

கட்டுப்போட்ட மொட்டைக் கை போர்வையிலிருந்து தானாக எழுந்தது. விறைப்பாக நீண்டது, வார்டு வாசலை நோக்கி.

கத்திரி கட்டிலில் ஏறி அவனை மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். காலைக் கட்டிலின் கம்பியில் முட்டுக்கொடுத்தாள். “கண்ண மூடிக்கோ, மூடிக்கோ,” என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசலில் யாரும் இல்லை.

சக்கரங்கள் பூட்டியிருந்த அந்த இரும்புக் கட்டில் தரையைக் கீறிக்கொண்டு, இருவரையும் சுமந்தபடி, கதவுப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது.